நாற்பத்தைந்துக்குக் கொஞ்சம் குறைவாக

ஒரு வாரமாக என் அறையில் புது ரப்பர் வாசனை அடிக்கிறது. செருப்புக் கடைக்குள் நுழைந்ததும் வருமே, அந்த வாசனை. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போகவில்லை. உங்கள் வீட்டு ரெக்கார்டு பிளேயர் இப்போது என்னிடம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி அதைப் பழைய ஜமுக்காளத்தில் சுற்றி, ரிக்‌ஷாவில் மடிமேல் வைத்துக்கொண்டு, தி.நகரிலிருந்து மயிலாப்பூர் வரைக்கும் வந்து கொடுத்தான்.

"அம்மா உங்ககிட்ட குடுத்துடச் சொன்னாங்கக்கா. வீட்ல யாரும் போடறதில்ல. அப்பாவும் இப்ப பாட்டே கேக்கறதில்ல" என்றான்.

நான்தான் உன் அம்மாவிடம் கேட்டிருந்தேன். கேட்பதற்கு எனக்கு வெகு நாள் பிடித்தது. துக்கம் விசாரிக்கப் போகிற வீட்டில் ஒரு பொருளை எப்படிக் கேட்பது என்று தெரியாமல், ஒவ்வொரு தடவையும் அவர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். கடைசியில் கேட்டேவிட்டேன். நீ எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தாய், அது பாக்கி இருந்தது. நம் ஆள் என்று நாம் சொல்லும் பாடகனின் ரெக்கார்டுகளில் நமக்குக் கடைசியாகக் கிடைத்ததை அந்த மெஷினில் போட்டுக் கேட்டு, எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். வேறு எந்த மெஷினிலும் போடக் கூடாது என்றும் சொல்லியிருந்தாய். நீ போனதிலிருந்து அந்த ரெக்கார்டு என் ஆங்கில அகராதிக்கு அடியில் ஒரு தடவைகூடச் சுற்றாமல் கிடந்தது.

இந்த வேலையை முடித்துவிட்டால் கொஞ்சம் உட்காரலாம் என்று இருந்தது. இப்போதெல்லாம் எனக்குச் சீக்கிரம் களைத்துப்போகிறது. நூலகத்தில் நாள் முழுக்க அலமாரிக்கும் மேஜைக்கும் நடந்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, வீட்டு மாடிப்படி ஏறும்போது பாதியில் உன் ஞாபகம் வந்துவிடும். நீயும் பாதிப் படியில் நிற்பாய். மூச்சு வாங்குவது தெரியக் கூடாது என்று சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரை உற்றுப் பார்ப்பாய். "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்பேன். "பிரதோஷம்ட்டி" என்பாய், பார்க்காமலே.

கல்லூரியில் நாம் பேசத் தொடங்கியதே அந்த மாதிரி ஒரு படியில்தான். எல்லாரும் மணியடித்ததும் ஏறி ஓடினார்கள். நீ மட்டும் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தாய். நான் புத்தகம் படித்துக்கொண்டே ஏறியதால் மெதுவாக ஏறினேன். நானும் உன்னைப் போல உடம்பு சரியில்லாதவள் என்று நீ நினைத்துக்கொண்டாய். "ஒனக்கும் நெஞ்சுலயா?" என்று கேட்டாய். இல்லை, கதை சுவாரசியமாக இருக்கிறது என்றேன். நீ சிரித்து, சிரித்ததற்காக இன்னும் கொஞ்சம் மூச்சு வாங்கினாய்.

சின்ன வயதில் வந்த காய்ச்சல் உன் இதயத்தில் எதையோ கெடுத்துவிட்டுப் போயிருந்தது. ஓடக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்து பாண்டி பஜாரில் துணிக்கடை வைத்து, அந்தத் தெருவின் இரைச்சலிலேயே வாழ்க்கையைக் கழித்த உன் அப்பா, வீட்டுக்குள் ஒரு பாத்திரம் விழுந்தால்கூடத் துடித்துப்போவார். அவர் அந்த மெஷினை வாங்கியதும் உனக்காகத்தான். நிதானமாக நாதஸ்வரம் கேட்டால் உனக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அது வரும்போதே பழையது. சாந்தோமில் ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது வீட்டுச் சாமான்களை விற்றது, அதில் வாங்கியது. மூடியின் உட்புறம் ஒரு துணிப்பை தைத்திருந்தது. அதற்குள் ஒரு சின்ன ரெக்கார்டு மறந்துபோய்க் கிடந்தது. பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு உள்ள ரகம், சிங்கிள் என்பார்கள். நாம் இரண்டு பேரும் பாவாடை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் வெளிவந்தது. உறையில் அவன் படம்: முடி பறக்க, வாய் திறந்திருக்க, கிதாரோடு தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் குதித்துக்கொண்டிருந்தான். உலகம் முழுக்கத் தெரிந்த ராக் பாடகன் என்பது எனக்குப் பெயரைப் படித்ததும் தெரிந்தது. பாடிக் கேட்டதில்லை.

ஒரு மத்தியானம், உன் அப்பா கடைக்குப் போன பிறகு, அதைப் போட்டோம். சிங்கிள் ரெக்கார்டு நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து தடவை சுற்ற வேண்டும். அந்த எண் எழுதியிருந்த இடத்துக்குச் சின்ன நெம்புகோலைத் தள்ளி, ஊசியை வைத்தாய். படத்தைப் பார்த்து நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தேன். வந்த குரல் வேறு. அடித்தொண்டையிலிருந்து, ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்துப் பார்த்து வைப்பதுபோல் ஒரு குரல். கிதார் ஒரு அடி வைத்தது, நின்றது, யோசித்தது, அடுத்த அடி வைத்தது. முரசு எங்கேயோ பக்கத்து வீட்டில் யாரோ மெத்தையைத் தட்டுவதுபோலக் கேட்டது.

"ஏட்டி, இவன் ரொம்ப அலைஞ்சிருக்கான்" என்றாய் நீ.

"அப்புறம் ஏன் படத்துல இப்படிக் குதிக்கறான்?"

"படம் எடுக்கவன் குதிக்கச் சொல்லியிருப்பான். பாவம், குதிச்சிட்டு வந்து படுத்திருப்பான்."

அன்றிலிருந்து அவன் நமக்கு 'நம்ம ஆள்'. அவன் பேரை நாம் சொன்னதே இல்லை.

ராக் பாட்டு கேட்கிற இடங்களில் பெண்பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள் என்று உன் அப்பா எங்கேயோ படித்திருந்தார். அந்தத் துணிப்பைக்குள் இருந்ததைக் கண்டதும், "இந்தக் கூப்பாடெல்லாம் நம்ம வீட்ல இருக்கக் கூடாதுளா" என்று சொல்லிவிட்டார். சொன்னவர் அதைக் கேட்டிருக்கவில்லை. உறையில் குதிப்பதைப் பார்த்ததோடு சரி. நீ அப்பா சொன்னதை அப்படியே கடைப்பிடித்தாய். வீட்டில் இருக்கக் கூடாது, அவ்வளவுதானே. ரெக்கார்டுகள் என்னிடம் இருக்கும், மெஷின் உன்னிடம் இருக்கும். என் வீட்டில் பாட்டுப் பெட்டி எதுவும் கிடையாது. அதனால் நீ இல்லாமல் நான் கேட்க முடியாது, நான் இல்லாமல் நீ கேட்க முடியாது. சிங்கிள் ரெக்கார்டுகளை மட்டுமே நாம் சேர்த்ததற்கும் காரணம் இதுதான். பெரிய ரெக்கார்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் எல்லாருக்கும் தெரியும். சின்னது நோட்டுப் புத்தகங்களுக்கு நடுவில் அடங்கிவிடும்.

மூர் மார்க்கெட்டில் பழைய ரெக்கார்டு விற்கும் பாய் நமக்குப் பழக்கமானது அப்போதுதான். சைக்கிள் மணிகளுக்கும் உடைந்த கடிகாரங்களுக்கும் நடுவில் கடை. நம்மைக் கண்டதும் தூரத்திலிருந்தே கையைத் தூக்குவார்.

"வாம்மா, வாம்மா. உங்க ஆளு ஒண்ணு வந்துக்கீது. ஓட்டல்ல பாடிக்கினு இருந்தது. நடுவுல பெரிய ஓட்டை. பரவால்லியா?"

ஓட்டல்களில் காசு போட்டால் பாடும் பெட்டியிலிருந்து கழித்த ரெக்கார்டுகளுக்கு நடு ஓட்டை பெரியதாக இருக்கும். வீட்டு மெஷினின் ஆணியில் அது நிற்காது, ஆடும். நீ உங்கள் கடைத் தையல்காரரிடமிருந்து ஒரு காலி நூல்கண்டின் மரக்கட்டையை வாங்கி, தம்பியின் பேனாக்கத்தியால் நாள் கணக்கில் செதுக்கி, அந்த ஓட்டைக்குள் பொருத்தினாய். ஒரு மயிரிழை கோணலாகத்தான் அமைந்தது. அதனால் ஓட்டல் ரெக்கார்டுகளில் நம் ஆளின் குரல் படகில் உட்கார்ந்து பாடுவதுபோல் லேசாக ஏறி இறங்கும். "இதுல கடற்கரைல நின்னு பாடியிருக்கான்" என்று நீ விளக்கம் சொன்னாய். இரண்டு பேரும் நம்பினோம்.

உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அடுக்களையில் பாய் விரித்துப் படுத்திருப்பார். தூங்குவதாகப் பெயர். ஒரு நாள் சுக்குக் காப்பியோடு வந்து நின்று, பாட்டு முடியும்வரை கேட்டுவிட்டு, "ஏ பிள்ளைகளா, அவனுக்கு என்னதான் கஷ்டமாம்?" என்றார். நாம் வார்த்தை வார்த்தையாக மொழிபெயர்த்துச் சொன்னோம். அந்தக் குரலில் ஆங்கிலம் நமக்கு நன்றாகப் புரிந்தது. ஒவ்வொரு சொல்லும் தனியாக வந்து நின்றது. காதலி கதவைத் திறக்க மாட்டேன் என்கிறாள், அவன் வெளியே நிற்கிறான் என்றதும், உன் அம்மா, "வேற வேலைவெட்டி இல்லையாமா? சத்தத்தைக் குறைச்சு வைங்க, அப்பா வார நேரம்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது அந்த மெட்டை முனகியது எனக்குக் கேட்டது.

உன் அப்பா சாயங்காலம் வந்து நாதஸ்வரம் போடுவார். கண்ணை மூடிக்கொள்வார். "எவ்வளவு நிதானம் பாத்தியாளா! ஒவ்வொரு ஸ்வரத்தையும் தடவிக் குடுக்காரு" என்பார். ஒரு கல்யாணத்தில் அதே வித்வானை நேரில் கேட்டுவிட்டு வந்து வருத்தப்பட்டதாக நீ சொன்னாய். "மனுஷனுக்கு வயசாக ஆக அவசரம் வந்துட்டு. பழைய நிதானம் இல்ல." அதைக் கேட்டு நாம் சிரிக்கவில்லை. அவர் சொன்னது சரி என்றே நினைத்தோம். நமக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

விஷயம் தெரிந்தது அடையாற்றில். பாய்தான் அனுப்பினார். "அடையார்ல ஒரு சார் கீறாரு. உங்க ஆள்னா உசுரு. கப்பல்ல வர்றவங்ககிட்ட சொல்லி வெச்சி வாங்குவாரு. போய்ப் பாரும்மா, பேசிக்கினு இருக்கலாம்." நம்மிடம் இருந்த சாந்தோம் ரெக்கார்டை எடுத்துக்கொண்டு போனோம். உனக்காக டாக்ஸி. அந்த மனிதர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு அறை முழுக்க ரெக்கார்டுகள். இரண்டு பெண்கள் நம் ஆளின் பழைய சிங்கிள்களைச் சேர்க்கிறார்கள் என்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. "ஜமாய்ங்க! யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தா, அண்ணனா?" என்று கேட்டார். "எங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல சார். அவரே பாடிக் காட்டினார்" என்றாய் நீ.

நம் ரெக்கார்டை வாங்கி, ஓரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துப் பாராட்டிவிட்டு, தன் மெஷினில் வைத்தார்.

யாரோ ஒரு பையன் பாடினான். குரல் கீச்சென்று இருந்தது. கிதார் பதறியது. முரசு துரத்தியது. ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. ரெக்கார்டை மாற்றிவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். நம்முடையதுதான், ஓரத்தில் உன் அம்மா கைபட்ட மஞ்சள் கறைகூட இருந்தது. நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். உன் கை சில்லென்று இருந்தது.

"சார், இது வேகமா ஓடுதே" என்றேன்.

"வேகமா? இதான் ஸ்பீடு. நாப்பத்தஞ்சு." அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "உங்க வீட்டு மெஷின் ஸ்லோவா ஓடுது! உள்ளே ஒரு ரப்பர் வீல் இருக்கும், அதான் தட்டைச் சுத்தறது. தேஞ்சு வழுக்கும். அடப் பாவமே, இத்தனை நாளா இவரை இழுத்து இழுத்தா கேட்டீங்க? ஒரு வீல் மாத்தினா போதும். நானே ஆள் அனுப்பறேன்."

"வேணாம் சார்" என்றாய் நீ. அவ்வளவு சட்டென்று நீ பேசி நான் கேட்டதில்லை.

"ஏன்மா? இப்ப கேட்டீங்களே, எப்படி இருக்கு! இதுதானே அவர்?"

"இவர் ரயிலைப் பிடிக்க ஓடறாரு சார். எங்க ஆளு ரயில் போனப்புறம் பாடறவரு."

அவர் சிரித்துக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டார். பிறகு நமக்கு எலுமிச்சம் பழச் சாறு கொடுத்தார். நல்ல மனிதர். நாம்தான் அவரோடு சரியாகப் பேசாமல் வந்துவிட்டோம்.

திரும்பும்போது டாக்ஸியில் நான் அழுதுவிடுவேன் போல் இருந்தது. அத்தனை மத்தியானங்கள். அத்தனை மொழிபெயர்ப்பு. அலைந்தவன், களைத்தவன் என்று நாம் கட்டிய கதையெல்லாம் ஒரு தேய்ந்த சக்கரம் சொன்னது. இல்லாத ஒருவனை நாம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னேன். நீ அடையாற்றுப் பாலத்தில் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாய்.

"இல்லாதவன்னு ஏன் சொல்லுத? நாம கேட்டோம்லா? அந்தக் குரல் அந்த ரெக்கார்டுக்குள்ள இருந்துதான வந்துச்சு?" என்றாய். கொஞ்ச தூரம் போனதும், "பாவம்ட்டி அந்த சார். நம்ம ஆளை அவரு கேட்டதே இல்ல" என்றாய். அப்புறம்தான் நாம் சிரித்தோம். உன் அப்பாவின் வித்வான் ஞாபகம் வந்து இன்னும் சிரித்தோம். டாக்ஸிக்காரர் கண்ணாடியில் பார்த்தார். நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "போதும், போதும், நிப்பாட்டு" என்றாய்.

வீட்டு வாசலில் இறங்கும்போது ஒன்று சொன்னாய். "தம்பிகிட்ட மட்டும் சொல்லிராத. மறுநாளே ரிப்பேர்காரனைக் கூட்டிட்டு வந்துருவான்."

நான் சொல்லவில்லை. அதன் பிறகும் நாம் அதே மெஷினில்தான் கேட்டோம். ஒரு வித்தியாசம், இப்போது தெரிந்தே கேட்டோம். சக்கரம் இன்னும் தேய்ந்தது. சாயங்காலங்களில் கரண்ட் இறங்கும்போது அவன் இன்னும் இறங்கினான். "இப்ப இவனுக்கு என்ன வயசு இருக்கும்ட்டி?" என்று நீ கேட்பாய். "போன வாரத்தைவிட ரெண்டு வயசு கூட" என்பேன். கல்லூரியை நீ பாதியில் விட்டாய். படிகள் அதிகம் என்பதுதான் காரணம், அதை யாரும் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு நூலக வேலை கிடைத்து, சனிக்கிழமை மட்டும் வர முடிந்தது. ரெக்கார்டுகள் சேர்ந்துகொண்டே வந்தன. நம் ஆள் பழைய நாளில் வெளியிட்ட சிங்கிள்களில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. பாய் அதைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அது கிடைத்தபோது நீ கூடத்தில் படுத்திருந்தாய். மாடி ஏற முடியாது என்று உன் கட்டிலைக் கீழே இறக்கி, அந்த மெஷின் இருந்த மேஜைக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். கையை நீட்டினால் தொடலாம். ஆனால் ஊரிலிருந்து வந்த அத்தைகளும் சித்தப்பாக்களும் நாள் முழுக்கக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உன் அப்பா கடைக்குப் போவதை விட்டுவிட்டார். ஒரு மத்தியானம்கூட நமக்கு இல்லை.

பாய் அந்த ரெக்கார்டை உருதுப் பத்திரிகையில் சுற்றிக் கொடுத்தார். "எங்கேம்மா அந்த இன்னொரு பொண்ணு? மெதுவா நடக்குமே?" என்றார். உடம்பு சரியில்லை என்றேன். "இத்தக் கேட்டா எழுந்து குந்திக்கும் பாரு" என்றார். அன்று மூர் மார்க்கெட்டிலிருந்து தி.நகர் வருவதற்குள் பஸ் எத்தனை இடத்தில் நின்றதோ, ஒவ்வொரு இடத்திலும் எனக்குக் கோபம் வந்தது.

நீ அதைப் போர்வைக்குள் வாங்கி, அத்தைகளுக்குத் தெரியாமல் உறையை மட்டும் பார்த்தாய். அதிலும் குதித்துக்கொண்டுதான் இருந்தான். சிரித்தாய்.

"இங்க போட முடியாதுட்டி. நீ கொண்டுபோ" என்றாய். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நின்று நின்று பேசினாய். "எல்லாரும் போனப்புறம், நம்ம மெஷின்ல போட்டுக் கேளு. அந்த அடையாறு சார் வீட்ல போட்டுராத. கேட்டுட்டு எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லணும், என்ன?"

எல்லாரும் போன பிறகு என்று நீ எதைச் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. சரி என்றேன். நீ போன பிறகுதான் எல்லாரும் போனார்கள்.

இதுதான் பாக்கி இருந்த வேலை. இனி போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

உன் தம்பி மெஷினை என் மேஜைமேல் வைத்து, ஒயரைச் செருகி, நிமிர்ந்து பார்த்தான். முகம் கழுவிய மாதிரி ஒரு சிரிப்பு. நீ போன பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "ஒரு ரெக்கார்டு போடுங்கக்கா" என்றான். நான் சாந்தோம் ரெக்கார்டை எடுத்து வைத்தேன். கடைசி ரெக்கார்டை அவனுக்கு முன்னால் போட மனம் வரவில்லை.

அந்தப் பையன் பாடினான். அடையாற்றுப் பையன். பதறுகிற கிதார், துரத்துகிற முரசு.

"எப்படி இருக்குக்கா? நானே கொண்டுபோய்ச் சரி பண்ணினேன். உள்ளே ரப்பர் வீல் தேஞ்சு கூழாயிருந்துச்சாம். எப்படித்தான் இவ்வளவு நாள் கேட்டாங்களோன்னு ரிப்பேர்காரர் சிரிச்சாரு. புது வீல், புது ஊசி. இப்ப கரெக்ட் ஸ்பீடு."

"பழைய வீல் இருக்கா?" என்று கேட்டேன்.

"அது எதுக்குக்கா? அவரே தூக்கிப் போட்டுட்டாரு."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா இருந்தப்பவே செஞ்சிருக்கணும். பாட்டு இழுக்குதே, சரி பண்ணிடட்டுமான்னு நான் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். வேணாம்டா, வேணாம்டான்னுட்டா. வீணாச் செலவுன்னு நெனச்சா போல. கடைசி வரைக்கும் நல்லபடியா ஒரு பாட்டு கேக்கல அவ" என்றான்.

ரொம்ப நன்றாக இருக்கிறது என்றேன். அவனை உட்காரவைத்துக் காப்பி போட்டுக் கொடுத்தேன். நீயாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பாய். அவன் குடித்துவிட்டு, இரண்டாவது பக்கத்தையும் கேட்டுவிட்டு, காலால் தாளம்கூடப் போட்டுவிட்டுத்தான் போனான்.

அவன் போன பிறகு ரொம்ப நேரம் எனக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை. கோபம் இல்லை. யார் மேல் கோபப்படுவது? மூர் மார்க்கெட்டுக்கும் தி.நகருக்கும் இத்தனை வருஷம் அலைந்த களைப்பெல்லாம் அன்றைக்கு ஒரேயடியாக வந்து உட்கார்ந்தது. பிறகு கடைசி ரெக்கார்டை எடுத்து வைத்தேன். நீ சொன்ன மெஷின்தான் இது, வேறு மெஷின் இல்லை. நாற்பத்தைந்தில் போட்டேன். ஓடினான். நெம்புகோலை முப்பத்து மூன்றுக்குத் தள்ளிப் பார்த்தேன். பெரிய ரெக்கார்டுகளுக்கான அந்த வேகத்தில் குரல் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. ஏதோ ஒரு பூதம் பாடியது. நம் ஆள் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருந்தான், நாற்பத்தைந்துக்குக் கொஞ்சம் குறைவாக. அந்த இடத்துக்கு நெம்புகோல் கிடையாது. விரலைச் சுழலும் தட்டின் ஓரத்தில் வைத்து அழுத்திப் பார்த்தேன். ஒரு அடி சரியாக வரும், அடுத்த அடி குடித்தவன்போல் தள்ளாடும். என் விரல் ரப்பர் சக்கரம் இல்லை.

உனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும், போதும் என்று, பாட்டு பாதியில் இருக்கும்போதே மோட்டார் விசையை மட்டும் அணைத்தேன். ஊசியை எடுக்கவில்லை. ஒலிக்கான விசை தனி, அதையும் தொடவில்லை. எடுக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

தட்டு உடனே நிற்கவில்லை. ஓடுகிறவன் நடக்கத் தொடங்குவதுபோல் வேகம் தளர்ந்தது. கீச்சுக் குரல் இறங்கியது. கிதாரின் பதற்றம் அடங்கியது. அப்போது, நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வரிக்கும் குறைவான நேரம், நம் ஆள் பாடினான். அவனேதான். அடித்தொண்டை. ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்துப் பார்த்து வைக்கும் அதே குரல். பிறகு இன்னும் இறங்கி, முனகி, நின்றுவிட்டான்.

நான் திரும்ப விசையைப் போட்டேன். வேறு ஒரு இடத்தில் அணைத்தேன். அங்கேயும் வந்தான். எந்த இடத்தில் அணைத்தாலும், நிற்பதற்கு முன்னால் அவன் அந்த வேகத்தைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது.

இந்த ஒரு வாரமும் சாயங்காலம் வந்ததும் இதுதான் வேலை. கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் என்று இடம் மாற்றி மாற்றி அணைத்து, பாட்டைத் துண்டு துண்டாகக் கேட்டுவிட்டேன். கேட்ட துண்டுகளை மனதில் ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். முழுப் பாட்டும் அந்தக் குரலில் எந்த மெஷினிலும் இல்லை. எனக்குள் இருக்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது ஆரம்பத்திலிருந்து பாடிப் பார்க்கிறேன், வாயைத் திறக்காமல்.

எப்படி இருந்தது என்று கேட்டாய். ஊருக்குத் திரும்பிப் போகிற ஒருவன் வழியில் உட்கார்ந்து பாடுகிறான். யாரும் அவனுக்காகக் காத்திருக்கவில்லை, அவனுக்கும் அவசரம் இல்லை. எல்லா வார்த்தையும் புரிந்தது.